தாலிக்கயிற்றில் ஒரு சாவி

அடையாறு
14.10.99

தங்கள் பாதங்களுக்கு வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம்.

நம் பேரன் குமரேசன் கம்ப்யூட்டரில் பூட்டி வைத்ததையெல்லாம் திறக்கும் சாவி, விரல் நீளத் துண்டு ஒன்றுக்குள் இருக்கிறதாம். பம்பாய் போகும்போது, ஐந்தாம் வகுப்பு படித்த என்னை நம்பித்தான் அதைக் கொடுத்தான். "தொலைஞ்சா என்னாலயே திறக்க முடியாது ஆச்சி" என்றான். தாலிக்கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

நேற்று ஒருவன் வந்து, "குமரேசன் சார் அனுப்சாரு பாட்டி, அந்தச் சாவியக் குடு" என்றான். "வீட்டுச் சாவிதான் இருக்கு, வேணுமாய்யா?" என்று சிரித்தே அனுப்பிவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. போகும்போது என் கழுத்தைப் பார்த்தான். இன்று எதிர்க்கடையில் நிற்கிறான். குமரேசனிடமிருந்து போனும் வரவில்லை.

நான் வாசல் தாண்டுவதில்லை. கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் பால்காரர் காத்திருக்கிறார். கயிறு நைந்திருக்கிறது. புதுக்கயிறு வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள்.

சண்முகவடிவு