குறை எண் 41

நாள் 112, 18:40
பனித் துளைப்பான்கள் ஆறும் ஓடுகின்றன. நான்காவதின் பல் தேய்ந்திருக்கிறது. இன்னும் பத்து நாள் தாங்கும். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. ஆள் ஒருவன், அவனும் சரி.

ஆள்: மாரீஸ்வரன், கோவில்பட்டிக்காரன், திரைப் பொறியாளன். இடம்: நிலவின் தென்முனை, வெயிலே படாத ஒரு பள்ளத்தின் விளிம்பு. பதினான்கு மாத ஒப்பந்தம். துளைப்பான்கள் தாமே வேலை செய்யும், நான் காவல். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்குச் சம்பளம் என்று நினைத்தார்களோ என்னவோ, வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒரு புதுத் திரையை மாட்டி, அதைச் சோதிக்கும் வேலையையும் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டுத் திரையரங்குகளுக்கு விற்கப்போகும் திரை. 'நிலவிலேயே சோதித்தது' என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம் அல்லவா.

இதில் எச்.டி.ஆர். படம், அதாவது இருட்டும் வெளிச்சமும் கண்ணால் பார்ப்பது போலவே தெரியும் படம், ஓட்ட இரண்டு முறைகள் அடித்துக்கொள்கின்றன. ஓப்பன்டென் இலவசம். முழுப் படத்துக்கும் ஒரே ஒரு குறிப்பு: அதிகபட்ச வெளிச்சம் இத்தனை நிட். திரை அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். சீன்லைட் உரிமம் வாங்க வேண்டியது, எங்கள் கம்பெனியின் செல்லப்பிள்ளை. காட்சிக்குக் காட்சி தனிக் குறிப்பு. காட்சி தொடங்கும்போதே அதில் வரப்போகும் உச்ச வெளிச்சத்தைத் திரையின் காதில் ஓதிவிடும். கறுப்பு கறுப்பாகவே தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நான் ஓப்பன்டென் கட்சி. செல்லப்பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது.

தினமும் 17:00 முதல் 17:20 வரை மனைவி செண்பகவல்லியோடு நேரலை. திரையில் அவள், மூலையில் சின்னக் கட்டத்தில் என் மூஞ்சி. அவள் எடுத்ததும் அடியில் 'பெறுபவர் 0' என்பது 'பெறுபவர் 1' ஆகும். அந்த ஒன்றுக்காகத்தான் மீதி இருபத்துமூன்று மணி நாற்பது நிமிடமும். நாள் 96-இல் அவளுக்கு இதய வால்வு அறுவைச் சிகிச்சை நடந்தது. கம்பெனி மருத்துவமனை. நான் பாதியில் ஓடிவந்தால் ஒப்பந்தம் முறியும், சிகிச்சையும் நிற்கும். நான் ஓடப்போவதில்லை. தேறி வருகிறாள்.

இதைச் சோதனைத் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதுகிறேன். கணினியில் எழுதினால் கம்பெனி படிக்கும். எனக்கு அடுத்து வருபவர் படித்தால் போதும்.

நாள் 113, 17:50
இன்றைய அழைப்பை இரண்டு முறையிலும் பதிவு செய்தேன். சீன்லைட் மாட்டிக்கொண்டது!

செண்பகத்தின் வீட்டுக் கூடத்தில் அரை இருட்டு. 180 நிட்டுக்கு மேல் வெளிச்சம் இல்லை. ஆனால் 17:00-க்கே குறிப்பு '1,900 நிட்' என்கிறது. ஏதோ உளறல் என்று விட்டுவிட்டேன். 17:06-க்குச் செண்பகம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

"மழ வரும்னு பாத்தா வெயிலு மண்டையப் பொளக்கு, பாருங்க."

வெயில் நேராக ஜன்னல் கட்டையிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் விழுந்தது. அளந்தேன். சரியாக 1,900.

நேரலையில் குறிப்பு காட்சியோடுதான் வரவேண்டும், ஆறு நிமிடம் முந்தி வரக்கூடாது. உடனே உட்கார்ந்து குறை அறிக்கை எழுதி அனுப்பினேன். குறை எண் 41: 'நேரலையில் சீன்லைட் குறிப்புகள் காட்சியை முந்துகின்றன.' அளவுகள், நேரங்கள், எல்லாம் இணைத்தேன். இரண்டு கோப்பை காப்பி குடித்தேன். இத்தனை சந்தோஷமாக ஓர் அறிக்கையும் எழுதியதில்லை.

நாள் 114, 06:10
பல் தேய்க்கும்போது உறைத்தது.

சினிமாவில் குறிப்பு முந்தி வரும். நியாயம். ஒருவர் முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் குறிப்பு எழுதுகிறார். டம்ளரில் வெயில் விழப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். நேற்றைய நேரலையை எனக்கு முன்னால் பார்த்தது யார்?

நாள் 114, 17:40
ஒரு சோதனை வைத்தேன். அவளிடம் சொன்னேன்: "செண்பகம், ஒரு வெளையாட்டு. இன்னிக்கிப் பேசி முடிக்கதுக்குள்ள, ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப, எங்கிட்டச் சொல்லாம, டார்ச்ச கேமராப் பக்கம் அடி."

"என்னங்க சின்னப்புள்ள மாதிரி? சரி, அடிக்கேன்."

அவள் 'சரி' என்ற நொடியில் குறிப்பு 180-இலிருந்து 3,200-க்குத் தாவியது. பிறகு அவள் மாத்திரை பற்றிப் பேசினாள். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னாள். ஐந்து நிமிடம் கழித்து, பேச்சோடு பேச்சாக, டார்ச்சை எடுத்து என் முகத்துக்கு நேரே அடித்தாள். 3,200.

தனக்கு எப்போது தோன்றும் என்பது அவளுக்கே தெரியாது. குறிப்புக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் படம் எங்கோ செய்யப்படுகிறது. செய்பவன் முதலில் வெளிச்சத்தைத் தீர்மானித்துவிட்டு, பிறகு அவளை வரைகிறான்.

எழுத்து கோணுவதற்கு மன்னிக்கவும்.

நாள் 115, 09:15
ராத்திரி முழுக்க யோசித்தேன். எல்லா அழைப்புகளும் தானாகப் பதிவாகும், அந்தப் பழைய பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய அழைப்புகளில் குறிப்பு காட்சியோடு வந்திருந்து, அதற்குப் பிறகு முந்தத் தொடங்கியிருந்தால், எந்த நாளிலிருந்து அவள் அவளில்லை என்று தெரிந்துவிடும். சேமிப்பறையைத் திறக்கப் போனபோது தரைநிலையத்திலிருந்து ஜெபசிங்கின் செய்தி. ஷிப்ட் பொறியாளன், நல்ல பையன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க குறை 41-அ சரி பண்ணியாச்சு. புது மென்பொருள் ஏத்தியிருக்கு. பழைய பதிவுகளையும் சேத்தே ஒழுங்கு பண்ணிட்டோம். அருமையான அறிக்கை, மேலிடத்துல ரொம்பப் பாராட்டுனாங்க."

திறந்து பார்த்தேன். நூற்றுப் பதினான்கு அழைப்புகளிலும் குறிப்புகள் காட்சியோடு, நொடி பிசகாமல், ஒட்டிக்கொண்டிருந்தன. 1,900 இப்போது 17:06-க்குத்தான் வருகிறது.

பொய்யைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே அளவுகோலை, பொய் சொல்பவனிடமே கொடுத்து, இதில் ஓட்டை இருக்கிறது அடைத்துக்கொள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். முட்டாள். ஒரு செல்லப்பிள்ளையை மட்டம் தட்டும் அவசரத்தில். இனி மிச்சம் இந்தத் தாளில் இருக்கும் எண்கள் மட்டுமே.

நாள் 116, 17:35
ஓப்பன்டென்னுக்கு மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. அதில் முழு அழைப்புக்கும் ஒரே குறிப்பு. முந்துவதற்கு ஒன்றுமில்லை, மாட்டிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. என் கட்சியும் கைவிட்டது.

சீன்லைட்டுக்கே திரும்பி, அவளிடம் கேள்வி கேட்டேன். கல்யாணத்தன்று மின்சாரம் போனது எத்தனை மணிக்கு? முதன்முதலில் சேர்ந்து வாங்கிய டிவியில் என்ன கோளாறு? எல்லாம் சரியாகச் சொன்னாள். சொல்லாமல் என்ன? இவற்றையெல்லாம் இதே திரையில் நாங்கள் பேசிச் சிரித்திருக்கிறோமே. கேட்டவர்கள் குறித்து வைத்திருப்பார்கள்.

பிறகு அவள் அழுதாள். "என்னச் சந்தேகப்படுதீங்களா? நெஞ்சக் கீறித் தச்சு வச்சிருக்கவகிட்டயா இப்பிடிக் கேக்கீங்க?"

வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. கண்ணீர்த் துளியில் ஜன்னல் வெளிச்சம் 240 நிட் மின்னியது. குறிப்பும் 240. ஒரு நொடி பிசகில்லை.

நாள் 117, 20:00
உயிரோடு இருக்கிறாள் என்றால் நான் போவது அவளைக் கொல்லும். இல்லை என்றால், நான் இங்கே இருப்பது ஒரு சுவரோடு குடும்பம் நடத்துவது. மரணச் செய்தி கேட்டால் நான் கிளம்பிவிடுவேன், துளைப்பான்களைப் பார்க்க ஆள் இல்லை. ஆக, மறைப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. 'பெறுபவர் 1' ஏறுவது ஏன்? இயந்திரம் எடுக்கும், அவ்வளவுதான்.

செண்பகம் போய்விட்டாள். எழுதிவிட்டேன். எழுதிய பிறகும் நம்ப முடியவில்லை.

நாள் 118, 19:30
மீட்புக் கலம் ஒன்று இருக்கிறது. என்னால் கையாலேயே கிளப்ப முடியும். அதைக் கொண்டுபோய் இணைக்க வேண்டிய, பூமிக்குத் திரும்பும் சரக்குக் கப்பல் தலைக்கு மேல் கடப்பது நாளை 17:20-க்கு. தவறினால் ஐந்து மாதம் கழித்துத்தான். போகிறேன். அவளை எங்கே வைத்தார்கள் என்றாவது கேட்க வேண்டும்.

இன்னொரு வேலையும் செய்தேன். இதுவரை மூலைக் கட்டத்தில் தெரிந்தது என் கேமராப் படம், கண்ணாடி பார்ப்பது மாதிரி. வயரை மாற்றி, ஆண்டெனாவிலிருந்து உண்மையில் வெளியே போகும் படத்தையும் ஒலியையும் அந்தக் கட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். போகிறவனுக்கு இது எதற்கு? சோதனைக்காரன் புத்தி.

நாள் 119, 16:52
விண்ணுடை மாட்டியாயிற்று, கையுறையும் தலைக்கவசமும் மட்டும் பாக்கி. கலத்தின் வாசலில் நிற்கிறேன். இங்கிருந்து வரவேற்பறைத் திரை நேராகத் தெரிகிறது. இந்தத் தாள்களை வாசலிலேயே விட்டுப்போகிறேன். அடுத்து வருபவருக்கு: எதைக் கண்டாலும் குறை அறிக்கை எழுதாதீர்கள்.

17:00
அழைப்பு தானாகத் தொடங்கிவிட்டது. பெறுபவர் 1. திரையில் செண்பகம். அதற்கு முன்னால், வரவேற்பறையில், யாரும் இல்லை.

17:02
மூலைக் கட்டத்தில் நான் இருக்கிறேன். நீலச் சட்டை, வாரிய தலை. திரைக்கு எதிரே என் நாற்காலி காலி. கட்டத்தில் அதில் நான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

17:05
திரையில் அவள் சிரித்துச் சிரித்து நாய்க்குட்டிகளைப் பற்றிச் சொல்கிறாள். கட்டத்தில் என் குரல்:

"அழாத செண்பகம். டாக்டரு சொல்லதக் கேளு. அழுதா தையல் இழுக்கும்லா."

இவள் அழவில்லை. நாய்க்குட்டிக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கட்டத்தில் இருப்பவன் இவளோடு பேசவில்லை.

17:09
இயந்திரம் எடுக்கிறதென்றால் இயந்திரத்துக்கு எதற்கு என் முகம்? யாருமில்லாத வீட்டுக்கு யாராவது ஆறுதல் சொல்வார்களா? அந்தப் பக்கம் ஒருத்தி அழுகிறாள். எனக்குச் சிரிக்கும் அவளைக் காட்டுகிறார்கள். அவளுக்குத் தைரியமான என்னைக் காட்டுகிறார்கள். எத்தனை நாளாக?

உயிரோடு இருக்கிறாள். செண்பகம் உயிரோடு இருக்கிறாள்.

போனால் சிகிச்சை நிற்கும். இருந்தால் அவள் அழுகை எனக்கு எட்டவே எட்டாது.

17:13
கத்தினேன். பேர் சொல்லிக் கத்தினேன். திரையில் இருக்கும் அவளும் திரும்பவில்லை, கட்டத்தில் இருக்கும் நானும் திரும்பவில்லை. அவன் முன்னால் குனிந்து, நான் குனிவது போலவே, சொல்கிறான்:

"வாங்க வாங்கன்னா எப்பிடி வர முடியும்? ஒப்பந்தம் இருக்குல்லா. கொஞ்ச நாளு பொறுத்துக்க."

வரச்சொல்லி அழுகிறாள். நான் மாட்டேன் என்கிறேன்.

17:18
கலத்தின் கதவு மூடும் மணி அடிக்கிறது. கதவைத் தடுத்திருக்கும் கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். எந்தப் பக்கம் நிற்பது என்று இன்னும்

அவன் சொல்கிறான்: "நான் எங்கயும் போயிரல, செண்பகம். இங்கனதான இருக்கேன்."

பெறுபவர் 1. இன்னும் 1. கையை