ஆவணியில் விசாரிக்க வந்தவர்

1976 ஆகஸ்டு 19, வியாழன்

இன்று காலை, கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில் இருந்தவர்கள்: நான், என் மகள் முத்தாத்தாள், பால் அளக்கிற நல்லமுத்து, டீக்கடை மூக்கம்மாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஆறுச்சாமி, அப்புறம் முத்தாத்தாளின் வீட்டுக்காரர். மாப்பிள்ளையின் பேரை மாமியார் வாயால் சொல்வதும் கையால் எழுதுவதும் எங்களில் வழக்கமில்லை. மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். சொசைட்டி பிரசிடெண்டு அவர்தான். ஆளுங்கட்சிக்காரர்.

வெளியூர் ஆள் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, பேச்சில் பாதி மலையாளம் பாதி தமிழ். மாப்பிள்ளை மூக்கம்மாளிடம், சாருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். வந்தவர், ஐகோர்ட் ஜட்ஜியாக இருக்கிற என் மகன் ஈஸ்வரமூர்த்தியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். குணம் எப்படி, பூமி எவ்வளவு, குடி உண்டா, யார் யாரோடு சேர்க்கை, பெரிய மனுசர்கள் சொன்னால் கேட்பாரா.

ஆடி கழிந்து ஆவணி பிறந்து நாலு நாள்கூட ஆகவில்லை. ஈஸ்வரமூர்த்திக்குக் கல்யாண வயசில் பெண் இருக்கிறாள், என் பேத்தி வசந்தாமணி. வேறு எதற்கு வருவார்கள்? சம்பந்தம் செய்ய நினைக்கிற யாரோ அனுப்பிய ஆள் என்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. கல்யாண விசாரிப்புக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. பகையாளியானாலும் நல்ல வார்த்தைதான் சொல்ல வேண்டும், ஒரு பெண்ணின் வாழ்வாயிற்றே. சொந்த வீட்டார் வாயே திறக்கக் கூடாது. அதனால் நான் யாரோ போல என் தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆறுச்சாமிதான் பேசினான். என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, எனக்குக் கொழுந்தன் முறை. வாய்க்காலில் என் முறைத் தண்ணீரைத் தன் காட்டுக்குத் திருப்பி என் கத்தரி நாற்றைக் கருகவிட்டானே, அந்த வருசத்திலிருந்து அவன் வீட்டில் நானும் என் வீட்டில் அவனும் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அன்றைக்கு அவன் தலையில் கட்டியிருந்த துண்டுக்குப் பச்சைக் கரை. எனக்கு எதுவும் மறக்காது.

"ஈஸ்வரமூர்த்திங்களா? மந்திரி வந்து நின்னாலும் ஞாயம்னா ஞாயந்தானுங்க. டெல்லிக்காரங்க புடிச்சு உள்ள போட்ட வாத்தியாரை, போன வருசம் வெளிய உடச் சொல்லித் தீர்ப்பு எழுதுனது அவந்தானுங்க. ஆருக்கும் பயப்படமாட்டான்."

யாருக்குமா என்று வந்தவர் திருப்பிக் கேட்டார்.

"அவங்கம்மாளுக்கு மட்டும் பயப்படுவானுங்க. அந்தம்மாளுக்கு இந்த ஊரே பயப்படுமுங்க."

நல்லமுத்து சிரித்ததில் பால் சிந்திப்போயிற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு வந்தவர் மாப்பிள்ளையைப் பார்த்து, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். "ஒரே ஊருதானுங்க சார். அவ்வளவாப் பழக்கமில்லீங்க" என்றார் மாப்பிள்ளை. முறை தெரிந்த மனுசன். வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்த இனிப்பு ஒப்பிட்டு சுட்டு அனுப்பினேன்.

ஆகஸ்டு 20

ஆறுச்சாமி சொன்னது அத்தனையும் நிஜம்தான். அதற்காகத் தண்ணீர் கொடுத்துவிட முடியாது.

செப்டம்பர் 8, புதன்

ஓண லீவுக்கு ஈஸ்வரமூர்த்தி எர்ணாகுளத்திலிருந்து வந்தான். ஐகோர்ட்டில் அடிஷனல் ஜட்ஜியாக அவனைப் போட்டது ரெண்டு வருசத்துக்குத்தான். நவம்பர் பத்தாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் நிரந்தரமாக்கி உத்தரவு வர வேண்டும். வந்தால் அறுபத்திரண்டு வயசு வரை அந்த நாற்காலி. வராவிட்டால் எழுந்து வந்து பழையபடி வக்கீல் வேலை. இங்கே தலைமை ஜட்ஜி எழுதி, முதல்மந்திரி ஒத்துக்கொண்டு, கடைசியில் டெல்லி முடிவு செய்யுமாம். என் மகனைப் போல் ஞாயம் பார்க்க அவர்களுக்கு வேறு யார் கிடைப்பார்கள்? உத்தரவு வரும்.

சோறு போடும்போது, வசந்தாமணிக்காக ஆள் விசாரித்துப் போன கதையைச் சொன்னேன். சர்க்கரை இல்லாத டீ வரைக்கும் ஒன்று விடாமல். அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, அது கல்யாணத்துக்கு வந்த ஆளில்ல. என்னைய நெரந்தரம் பண்ணலாமா வேண்டாமான்னு டெல்லிக்கு ரிப்போர்ட் எழுதற ரகசியப் போலீசு."

"அதனால என்ன? நல்லதாத்தானே சொன்னாங்க."

"நல்லதுதாம்மா. இந்த வருசத்துக்கு ஆகாத நல்லது."

அப்புறம் மோர் ஊற்றச் சொன்னான். எமர்ஜென்சியாம். யாருக்கும் பயப்படாதவன் என்று பேர் எடுப்பது இப்போது குற்றத்தில் சேர்த்தியாம். நான் இப்படித்தானே அவனை வளர்த்தேன்? இதில் மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?

செப்டம்பர் 9

வாசலுக்குச் சாணி தெளிக்கும்போதுதான் உறைத்தது. அந்த ஆள் வாயைத் திறக்கும் முன்பே டீ சொன்னாரே மாப்பிள்ளை. சர்க்கரை ஆகாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? முன்பே பழக்கம் இருந்திருக்கிறது. வந்தது யாரென்று தெரிந்திருக்கிறது. தெரிஞ்சுமா நின்னாரு? தெரிஞ்சுமா?

செப்டம்பர் 12, ஞாயிறு

மகள் வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டேன். மாப்பிள்ளை மறைக்கவில்லை. கட்சி ஆபீசில் அந்த ஆளை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறாராம். ஒரு இருமல் இருமியிருந்தால் ஆறுச்சாமி வாயை மூடியிருப்பானே என்றேன்.

"எம்மேலயும் சந்தேகம் வந்துருமுங்க அத்தை. வாத்தியாரை வெளிய உட்டவரு எம் மச்சான்னு தெரிஞ்சா என்னைய பிரசிடெண்டா வெச்சிருப்பாங்களா?"

கல்யாணத்தன்று மணவறையில் எங்கள் முறைப்படி அந்த மச்சானோடு கைகோத்து நின்றவர் இவர். முத்தாத்தாளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டபோது மச்சான் எங்கே மச்சான் எங்கே என்று அழுதவர் இவர். பயம் யாருக்கும் வரும். பயந்தவன் பேசாமல் இருக்கலாம். பழக்கமில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

முத்தாத்தாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கொடுத்த மோரைத் தொடாமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 17, ஞாயிறு

தலைமை ஜட்ஜியும் முதல்மந்திரியும் அனுப்ப வேண்டியதெல்லாம் நல்லபடியாகப் போய்விட்டதாம். டெல்லிதான் இன்னும் பேசவில்லை. பேசும்.

நவம்பர் 10, புதன்

உத்தரவு வரவில்லை.

நவம்பர் 14, ஞாயிறு

மகன் வந்திருக்கிறான். ஊர்க்காரர்கள் துக்கம் கேட்க வருவது போல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். இங்கே யாரும் செத்துப்போகவில்லை, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். மகனுக்கு அதில் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் கோட்டு இன்னும் சரியாகத்தான் இருக்கிறதாம், போட்டுப் பார்த்துவிட்டானாம்.

எல்லோரும் போன பிறகு ஆறுச்சாமி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றான். அண்ணன் பெண்டாட்டியை அழைக்கிற முறையில் நங்கை என்று கூப்பிட்டான். அந்த அழைப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

"என் வாயாலதான் கெட்டுதுங்க நங்கை."

"உன் வாயில நல்லதுதான் வந்துச்சு. எம் மகனைப் பத்தி அதைவிட நல்லதா எனக்கே சொல்லத் தெரியாது. கத்தரி நாத்துக் கதை வேற. அதை நான் உடமாட்டேன்."

ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் குடித்தான்.

1977 ஜூலை 21, வியாழன்

எமர்ஜென்சி போயிற்று. டெல்லியில் ஆட்சியும் மாறி, ஈஸ்வரமூர்த்தியின் பேரை மறுபடி ஜட்ஜி வேலைக்கு எடுத்திருக்கிறார்களாம். இன்று சொசைட்டிக்கு அதே ஆள் வந்தார். அதே குடை. இது ஆடி மாசம், கல்யாண விசாரிப்பென்று இந்தத் தடவை ஒருவரும் ஏமாறவில்லை. அதே கேள்விகள். ஆறுச்சாமி என்னைப் பார்த்தான். சொல்லு என்று தலையாட்டினேன். போன வருசம் சொன்னதையே சொன்னான், மந்திரி, வாத்தியார், என்னைப் பற்றிய கிண்டல் உட்பட. அன்று கல் மாதிரி நின்று கேட்ட குடைக்காரர் இன்று சிரித்தார்.

அவர் கேட்பதற்கு முன்பே மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றார்.

"ஈஸ்வரமூர்த்தி எம் மச்சானுங்க சார். நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊடு மாதிரிங்க."

மூக்கம்மாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, சாருக்குச் சர்க்கரை போடலாமா என்றாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். போடாதே என்று நான்தான் சொன்னேன்.

1977 அக்டோபர் 10, திங்கள்

எர்ணாகுளம் போய்த் திரும்பியாயிற்று. மகன் பிரமாணம் எடுத்தான். இந்தத் தடவை நிரந்தர ஜட்ஜி. குரல் நடுங்கவில்லை. எனக்கு அது முன்பே தெரியும்.

காலையில் வாடகைக் காரில் நான் ஏறினேன், முத்தாத்தாள் ஏறினாள், ஆறுச்சாமியும் அவன் பெண்டாட்டியும் ஏறினார்கள். மாப்பிள்ளை சலவை வேட்டி கட்டி, கையில் ஒரு ரோஜா மாலையோடு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது.

"நீங்க எதுக்குங்க மாப்பிள்ளை அவ்வளவு தூரம்? உங்களுக்குத்தான் அவ்வளவாப் பழக்கமில்லீங்களே."

முத்தாத்தாள் என்னைப் பார்த்தாள். நகர்ந்து இடம் விடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. கார் கிளம்பிற்று.

குடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, காதில் விழுந்ததைத்தானே எழுதினார். டெல்லிக்காரர்களை ஓட்டுப் போட்டவர்கள் கவனித்துக்கொண்டார்கள். ஆறுச்சாமியையும் மன்னித்தாயிற்று, கத்தரி நாற்று நீங்கலாக. மன்னிக்க முடியாதது ஒரே ஒருவரைத்தான். வழக்கம் கிடக்கட்டும், பேரை எழுதுகிறேன்.

சின்னையன்.