ஒன்லைன் பயிற்சியும் அதிபர் வீட்டு லீக்ஸும்

2008 ஜூன் 7, சனி

வறண்ட கச்சான் காற்று. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி இல்லை. பண்டாரவளை போய்ச் சேரும்போது வாயெல்லாம் புழுதி.

நிஸ்தார் நானாவின் நெட் கடை. வழக்கமான மூலை, வழக்கமான பழுதான கீபோர்ட். மொழி ஆசிரியர்களுக்கான வகுப்பறைத் தொழில்நுட்பம், ஒன்லைன் பயிற்சி, கடைசிக்கு முந்திய பாடம். படத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லெப்டொப். நடுவில் வெள்ளைக்கார டீச்சர், பல் தெரியச் சிரிப்பு. ‘இப்போது உங்கள் மாணவர்களை இணையத்தில் தேடச் சொல்லுங்கள்.’ எதைத் தேட? எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைத்தான் முதலில் தேட வேண்டும். வந்த நாளிலிருந்து பள்ளிக்கூட அதிபரின் அறையில், பூப்போட்ட துணிக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துணி விலகும், அவர் மகன் அதில் கிரிக்கெட் விளையாட.

இறுதிப் பயிற்சி: பிள்ளைகளை ஏதாவது ஒரு கருவியில் பேச வைத்து, பதிந்து, அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இருந்தால் பதுளையில் பயிற்றுநராகப் போகலாம் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் சொன்னார்கள். இந்த அதிபரின் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். எனக்கு அது போதும்.

தவசீலன் சேர் பக்கத்து மெஷினில். அவரும் எங்கள் பள்ளிக்கூடம்தான், அதே பயிற்சிதான். எட்டி எட்டி என் திரையைப் பார்த்து எழுதுகிறார். ‘டீச்சர், அந்த நாலாவது கேள்விக்கு என்னா போட்டீங்க?’ வெட்கமே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

அதிபரிடம் கம்ப்யூட்டர் கேட்டேன். ஒரு பாடவேளைக்கு மட்டும்.

‘பொடியனுங்க கை பட்டா கெட்டுப் போயிரும் டீச்சர். அப்புறம் நான்ல பதில் சொல்லணும்?’

‘நான் பக்கத்துலயே நிப்பேன் சேர்.’

‘லயத்துப் புள்ளைங்களுக்கு மொதல்ல நாலு எழுத்து ஒழுங்கா வரட்டும். அப்புறம் பாப்போம்.’

இவரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். அதைச் சொல்லியிருக்க வேண்டும். படி இறங்கிய பிறகுதான் வாயில் வந்தது. எப்போதும் இப்படித்தான்.

ஜூன் 12, வியாழன்

தம்பி கொழும்பிலிருந்து அனுப்பிய போனில் குரல் பதியலாம். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

தரம் ஒன்பது. ‘நேற்று என்ன செய்தாய்?’ ஒவ்வொருவரும் போனைப் பிடித்து ஆங்கிலத்தில் பேச வேண்டும். ஒரே கூத்து. நேற்று எல்லாரும் பல் விளக்கியிருக்கிறார்கள். எல்லாரும் சோறு தின்றிருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் இருப்பது போலவே.

பிறகு யோகேஸ்வரி. கேள்வி கேட்டால் மேசையைப் பார்க்கிற பிள்ளை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதி வைக்கிறேன்: நேற்று நான் ஆங்கிலப் பாடத்துக்கு வரவில்லை. அதிபர் சேரின் லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் சுமந்தேன். நாங்கள் ஆறு பெண்கள் சுமந்தோம். நிரோஷா விழுந்தாள். சேர் வாளியைப் பார்த்தார். நிரோஷாவைப் பார்க்கவில்லை.

ஒரு பிழை இல்லை.

இந்த வறட்சியில் பீலியில், மலை ஊற்றின் குழாயில், தண்ணீர் நூலாக விழுகிறது. அதைப் பிடித்து மேட்டில் இருக்கும் அவர் தோட்டத்துக்கு ஏற்ற வேண்டும். எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாயால் சொன்னதில்லை.

மணி அடித்த பிறகு கேட்டேன்: ‘இதை அனுப்பவா?’

‘இங்கிலீஷ் சரியா டீச்சர்?’

‘சரி.’

‘அப்ப அனுப்புங்க.’

ஜூன் 14, சனி

அனுப்பியாயிற்று. கரண்ட் போய் வந்து, மறுபடி முதலிலிருந்து ஏற்றி. நிஸ்தார் நானாவும் கேட்டார். ‘புள்ள நல்லாப் பேசுது. ஆனா டீச்சர், இது கரச்சல்ல போய் முடியும்.’

தவசீலன் சேரும் எட்டிக் கேட்டார், கேட்டதும் எழுந்து போய்விட்டார். அதுதான் யோசனையாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

யோசித்தது சரி, தவசீலன் சேர் போய்ச் சொல்லிவிட்டார். காலைக் கூட்டம் முடிந்த உடனே அதிபர் கூப்பிட்டார்.

‘அழிச்சிருங்க.’

‘அனுப்பிட்டேன் சேர்.’

‘வேற ஒண்ணு அனுப்புங்க. உங்க நியமனத்துக்கு யாரு ஓடித் திரிஞ்சதுன்னு மறந்து போச்சோ?’

ஓடித் திரிந்தார். உண்மை. அதற்கு நன்றி சொன்னேன், வீட்டுக்கு வந்தபோது சோறு போட்டோம், இன்றுவரை அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை. அதற்குமேல் யோகேஸ்வரியின் குரலையும் விலையாகக் கேட்கிறார்.

அழிக்கவில்லை. அம்மா தேயிலைக் கொழுந்தை நிறுவையில் போட்டுவிட்டு வருவதற்குள் செய்தி அவர் காதுக்குப் போய்விட்டது. ‘உனக்கு எதுக்குடி இந்த வேல? நாளைக்கு எங்கயாச்சும் தூக்கி அடிச்சா நான் தனியா கெடக்கணும்.’ கோபம் வந்தது. அவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். அதனால் இன்னும் கோபம்.

ஜூன் 21, சனி

பயிற்சி முடிந்தது. பாஸ்.

எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர் அம்மாவின் குறிப்பு: ‘இறந்தகால வினைகளை மாணவி மிகச் சிறப்பாகப் பயன்படுத்தியுள்ளார். அடுத்த முறை பின்னணிச் சத்தத்தைக் குறைக்கவும்.’

மூன்று தடவை படித்தேன். வேறு எதுவும் இல்லை. பின்னணிச் சத்தம் என்பது காற்றில் அடித்துக்கொள்ளும் எங்கள் தகரக் கூரை. அதைக் கேட்ட காதுக்கு நிரோஷா விழுந்தது கேட்கவில்லை.

தவசீலன் சேருக்கு என்னைவிடக் கூடுதல் புள்ளி. என் பாடத் திட்டம்தான், வகுப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். நானாவின் கீபோர்டை உடைக்காமல் எழுந்து வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஆங்கிலப் பாடத்தின் நடுவில் ஆள் வந்தது. ‘சேர் அந்த ஆறு பேரையும் வரச் சொன்னாரு.’ பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். யோகேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

‘உக்காருங்க’ என்றேன்.

அவரே வந்தார். ‘என்னா டீச்சர் இது?’

‘பாடம் நடக்குது சேர்.’

‘ஞாயிற்றுக்கிழம பெற்றார் கூட்டம் இருக்கு. அங்க வச்சு உங்கள விசாரிக்கிறேன்.’

விசாரிக்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

கூட்டம். என்னைப் பற்றித்தான் ஆரம்பித்தார். போன் கொண்டு வருகிறேனாம். பிள்ளைகளைக் கெடுக்கிறேனாம். பள்ளிக்கூடத்தின் மானத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டேனாம்.

எழுந்து, போனில் அந்தப் பதிவைப் போட்டேன். ஆங்கிலம். யாருக்கும் விளங்கவில்லை. பின்னால் இருந்து யோகேஸ்வரியின் அப்பா. ‘எம்புள்ள கொரல்தானே? என்னா சொல்லுது?’

நான் மொழிபெயர்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் நின்ற யோகேஸ்வரி உள்ளே வந்து தமிழில் சொன்னாள். மேசையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் துண்டை மடித்தார், விரித்தார். பிறகு: ‘அவங்கம்மாவும் நானும் தோட்டத்துத் தொர பங்களாவுக்குச் சொமந்தோம் சேர். அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க. இது எதுக்கு?’

அதிபர்: ‘அது... விவசாயப் பாடம்.’

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அவர் கூட்டத்தை முடித்துவிட்டார். கூட்டம் முடியவில்லை. தாய்மார்கள் போய் அவர் அறைக்கு முன்னால் நின்று, அந்தக் கம்ப்யூட்டரை யாருக்காக வைத்திருக்கிறார் என்று கேட்டார்கள்.

ஜூலை 11, வெள்ளி

இடமாற்றம் வந்துவிட்டது. பசறைக்கு அப்பால், கடைசி பஸ் திரும்புகிற இடம். பதுளையில் பயிற்றுநர்: தவசீலன் சேர். சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. அம்மா இரண்டு நாளாகப் பேசுவதில்லை, ஆனால் பெட்டியில் துணி அடுக்கித் தருகிறார்.

கம்ப்யூட்டர் தரம் ஒன்பது வகுப்பில். துணி இல்லாமல்.

காலையில் பீலியடியில் அதிபரின் மனைவி, கையில் வாளி. ஒரு பிள்ளையும் பக்கத்தில் இல்லை. ‘நல்ல வேல பாத்தீங்க டீச்சர். இப்ப எனக்குத்தான் இடுப்பு ஒடியுது.’

மேட்டில் அதிபர், கதிரையில் சாய்ந்து, பேப்பரோடு.

‘சேருக்கும் ரெண்டு கை இருக்குத்தானே அக்கா’ என்றேன்.

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு மேட்டில் இருந்தவரைப் பார்த்தார்.