முப்பத்தோரு கதவு உறைகள்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நேற்று போனில் எல்லோரும் சௌக்கியம் என்று சொன்னேன். இப்போதும் சௌக்கியம்தான், பயப்படாதே. ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதி உன் போனுக்கே அனுப்புகிறேன். கடைசி வரை படி.

நீ என்னிடம் விட்டுப்போன எலக்ட்ரிக் பிக்கப்பை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. என் சீட் கவர் கடையில் கரண்ட் போன அன்று, வண்டியின் சரக்குத் தொட்டியில் இருக்கிற பிளக்கில் தையல் மிஷினைச் சொருகி நாள் முழுக்கத் தைத்தேன். தொட்டி குட்டையாக இருந்தால் என்ன, சந்தில் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள் என இந்த வண்டி வைத்திருப்பவர்களின் ஃபேஸ்புக் குழுவில் நீ மல்லுக்கட்டியதும் நியாயம்தான். கதவோடு கதவாகப் படிந்திருக்கும் கைப்பிடிதான் அழகு, காற்றையும் தடுக்காது என்று பக்கம் பக்கமாக எழுதினாய். பதினோராயிரம் பேர் உனக்கு 'வாத்தியார்' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அத்தானுக்கு முழங்கால் கட்டு மாற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலை மடக்க முடியாததால் பின்சீட்டில் நீட்டிப் படுத்திருந்தார். மருந்துக் கடை வாசலில் நிறுத்தி, ஏசியைப் போட்டுவிட்டு இறங்கினேன். டாக்டர் எழுதியதெல்லாம் அவர் போனில் இருந்ததால் அதையும் எடுத்துக்கொண்டேன். உள்ளே ஏகப்பட்ட கூட்டம். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, வெளியே உச்சி வெயில்.

வந்து பார்த்தால் கைப்பிடி வெளியே வரவே இல்லை. தடவுகிறேன், அழுத்துகிறேன், சாவிக்குப் பதிலான என் போனைக் காட்டுகிறேன், எதற்கும் அசையவில்லை. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியில் முக்கால் பங்கு சார்ஜ் இருந்ததாம். கதவையும் கண்ணாடியையும் இயக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய், ஏசியும் அதோடு நின்றுவிட்டதாம். கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். அத்தான் கண் திறக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. நான் கத்திய கத்தலில் பக்கத்து டயர் கடைக்காரர் கடப்பாரையோடு ஓடி வந்தார். அது லேசில் உடைகிற கண்ணாடியா? எத்தனை அடி அடித்தார் என்று நான் எண்ணவில்லை, உடைந்ததும் ஜன்னல் வழியாகத்தான் அத்தானை வெளியே எடுத்தோம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றி, நேற்றுக் காலை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. டயர் கடைக்காரர் சின்ன பேட்டரியை மாற்றி, நேற்று வண்டியைக் கொண்டுவந்து விட்டார். பின்கதவுப் பைக்குள் நான் தைத்து ஒட்டிய உறையைக் கத்தியால் கிழித்து, அடியிலிருந்த சின்ன மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த சிவப்பு நுனிக் கயிற்றை இழுத்தார். டக்கென்று கதவு திறந்துகொண்டது. "கரண்ட் இல்லாட்டி இதை இழுத்துத்தான் திறக்கணும். அக்கா, யாரு இதை மூடித் தச்சது?" என்று கேட்டார்.

அந்த மூடி கடகடவென்று ஆடுகிறது, பார்க்கவும் அசிங்கம், மூடித் தைத்துக் கொடு என்று நீதானே கேட்டாய்? உள்ளே என்னடா கயிறு என்றேன். "அதெல்லாம் தேவையே படாதுக்கா" என்றாய். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அன்று வண்டிக்குள் துணிக்கு அடியில் ஏதோ கையில் தட்டுப்பட்டதாம், பிய்த்துப் பார்த்தாராம், வரவில்லையாம், அத்தான் சொல்கிறார். அவர் நகம் பிறாண்டிய தடம் அதில் இருக்கிறது தம்பி.

நீ குழுவில் போட்ட படத்தைப் பார்த்து முப்பத்தோரு பேர் அதே உறையைக் கேட்டார்கள். அத்தனையும் என் கையால் தைத்து அனுப்பியவை. விலாசமெல்லாம் உன்னிடம். என்னிடம் ஒரே ஒரு அம்மாவின் நம்பர்தான் இருந்தது, இரட்டைக் குழந்தைகள் பின்சீட்டில் உட்காருவார்கள் என்று மஞ்சள் துணி கேட்டவர். கூப்பிட்டுச் சொன்னேன். "வாத்தியார் அப்படி ஒண்ணும் எழுதலையேங்க. அவர் சொல்லட்டும், எடுத்துடறோம்" என்று வைத்துவிட்டார். குழுவிலும் எழுதிப் பார்த்தேன். வண்டியைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்து பேசுங்கள் என்றான் ஒருவன். நான் பெட்ரோல்காரர்கள் அனுப்பிய ஆள் என்றான் இன்னொருவன். நீ சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள்.

உன்னைக் கேலி செய்வார்கள், பெயர் கெடும், எல்லாம் தெரியும். உன் மேல் எனக்குத் தாங்க முடியாத கோபம். என்ன ஏதென்று விசாரிக்காமல் தைத்த என் மேல் அதைவிடக் கோபம்.

அத்தான் கண் விழித்ததும் முதலில் சொன்னது, "தம்பிகிட்ட சொல்லிடாதே, உடைஞ்சு போயிடுவான்" என்பதுதான். சொல்லமாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதை மீறித்தான் இதை எழுதுகிறேன். இன்று சாயங்காலமும் அந்த இரண்டு குழந்தைகளும் பின்சீட்டில் ஏறித்தான் வீட்டுக்குப் போவார்கள். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. முதலில் குழுவில் எழுது, கண்ணா.

எங்கே இருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
உன் அக்கா