கேட்டது பத்து மீட்டர்

ஜூன் 4

கட்பீஸ் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாதவள் எழுதுகிறேன். பார்சலைச் சுற்றியிருந்த உங்கள் கடைப் பையிலிருந்து விலாசம் எடுத்தேன். போன் நம்பர் இருந்த இடத்தில் பை கிழிந்திருந்தது. தானாகக் கிழிந்ததா, யாராவது கிழித்ததா என்று தெரியவில்லை.

நான் வீட்டில் மிஷின் வைத்துத் தலையணை உறை, ஸ்கிரீன், ஏப்ரன் தைத்து விற்பவள். இங்கே கடைவிலைக்குத் துணி வாங்கித் தைத்தால் நூல் காசுகூட மிஞ்சாது. என் கணவர் உங்கள் ஊரில் லிஃப்ட் மெக்கானிக். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். வரும்போது மலிவாகக் கிடைக்கும் துண்டுத் துணிகளை வாங்கிவரச் சொல்வேன்.

முன்பெல்லாம் ஒரே பச்சையில் இரண்டு துண்டு கேட்டால் ஒன்று கிளிப்பச்சையாகவும் இன்னொன்று பாசிப்பச்சையாகவும் வரும். மனுஷனுக்குத் துணி என்றால் கைக்குட்டையும் ஜமுக்காளமும் ஒன்றுதான். ஆறேழு மாதமாக எல்லாம் தலைகீழ். பருத்தித் துணி ஏற்கெனவே தண்ணீரில் நனைத்து, சுருங்க வேண்டியது சுருங்கி, தேய்த்து வருகிறது. வெல்வெட்டின் பின்பக்கம் ரோமம் எந்தப் பக்கம் படியும் என்று சாக்பீஸால் அம்புக்குறி. கூடவே அதே நிறத்தில் நூல்கண்டு. கேட்டால், "கடைக்காரப் பெரியவர் தங்கமான மனுஷன்" என்கிறார்.

போன தடவை நான் வேண்டுமென்றே ஒன்று செய்தேன். ஒரு கிளினிக்குக்கு ஸ்கிரீன் தைக்கக் கட்டம் போட்ட துணி பத்து மீட்டர் கேட்டேன். கட்டத்தில் தைத்தால் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும், அதற்குத் துணி கூடுதலாகப் பிடிக்கும். தைக்கிறவர்களுக்குத்தான் இது தெரியும். வந்தது பதினொன்றரை.

இது என் கணவரின் மூளை இல்லை. பெரியவரின் மூளையா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தலையணை உறைக்காரி


ஜூன் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆத்திரம் வந்தது, இரண்டாம் முறை சிரிப்பு வந்தது.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். "என் தங்கச்சிக்கு நான் கல்யாணம் பண்ணிக்கிறது பிடிக்காது. அவளை நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன் இல்லையா, எங்க விட்டுடுவேனோன்னு பயம். குட்டையைக் குழப்ப ஏதாவது பண்ணுவா, நீ கண்டுக்காதே" என்று உங்கள் அண்ணன் எப்போதோ சொல்லிவிட்டார். ஆனால் அண்ணனுக்கே பெண்டாட்டி என்று எழுதும் அளவுக்குப் போவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே பெரியவர் என்று யாரும் இல்லை. கடை என்னுடையது. கணவர் போன பிறகு நானே தனியாக நடத்துகிறேன். எங்கள் கட்டிடத்து லிஃப்டைச் சரிபார்க்க வந்தவர், "தங்கச்சி வீட்ல தைக்கிறா, கொஞ்சம் விலை குறைச்சுப் போடுங்க" என்று கேட்டார். அப்படித்தான் பழக்கம்.

துணியை நனைத்தது நான். அம்புக்குறி போட்டதும் நான்தான். கட்டத்துக்குப் பத்து போதாதே, பாவம் அந்தப் பெண் கையைப் பிசைவாளே என்று ஒன்றரை மீட்டர் சேர்த்ததும் நான். வரப்போகிற நாத்தனார் மனம் கோணக்கூடாது என்று எந்தப் பார்சலுக்கும் காசு வாங்கவில்லை. அதற்கு நீங்கள் செய்யும் மரியாதை இதுவா?

உங்கள் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அண்ணன் தங்கைக்கு நடுவில் நான் புகுந்தேன் என்று பெயர் வேண்டாம். கோபம் தணிந்ததும் எழுதுங்கள்.

வரப்போகும் அண்ணி


ஜூன் 17

கடைக்கார அம்மாவுக்கு,

என் கணவருக்குத் தங்கை இல்லை. அக்காவும் இல்லை. அவர் வீட்டில் ஒரே பிள்ளை. அந்தச் செல்லத்தில்தான் இந்த லட்சணம்.

உங்களை நம்புவதா வேண்டாமா என்று எனக்கும் புரியவில்லை. ஆளை மயக்கிவிட்டு அப்பாவி வேஷம் போடுகிறீர்களோ என்று ஒரு பக்கம். நிஜமாகவே ஏமாந்திருக்கிறீர்களோ என்று ஒரு பக்கம். ஏமாந்தவள் என்றால் நீங்களும் நானும் ஒரே தறியில் நெய்த துணி.

காசு வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பார்சலுக்கும் மீட்டர் கணக்குப் பார்த்து அவர் கையில் காசு கொடுத்திருக்கிறேன். மலிவாகக் கிடைத்ததே என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அத்தாட்சி வேண்டுமா? அவருடைய நீலச் சட்டையின் உட்பக்கம், நெஞ்சுக்கு நேரே ஓர் உள்பை இருக்கும். பஸ்ஸில் ஒருமுறை பர்ஸைப் பறிகொடுத்த பிறகு நான் வைத்துத் தைத்தது. மஞ்சள் துணி, வாத்து படம் போட்டது. எங்கள் மகளின் முதல் கவுன் அது. அந்தச் சட்டையின் உட்பக்கத்தைப் பார்க்கும் அளவுக்கு உங்கள் பழக்கம் போயிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
யாருக்கும் தங்கை இல்லாதவள்


ஜூன் 26

செவ்வாய்க்கிழமை இறந்துபோன உங்களுக்கு,

பதறாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த நீலச் சட்டை என்னிடம்தான் இருக்கிறது. காலர் நைந்துவிட்டது, திருப்பி வைத்துத் தைத்துக் கொடு என்று கடையில் கொடுத்துவிட்டுப் போனார். பழக்கம் அவ்வளவுதான், அதற்கு மேல் போகவில்லை. இதை உங்களுக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொல்கிறேன்.

உள்பையைப் பார்த்தேன். வாத்து இருந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. தங்கையும் அண்ணனுக்கு உள்பை தைப்பாள், தங்கைக்கும் மகள் இருக்கலாம். ஆனால் சரக்கை விரித்து இரண்டு பக்கமும் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. அவரிடம், "ஞாயித்துக்கிழமை கடை லீவு. கிளம்புங்க, உங்க தங்கச்சியை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்" என்றேன்.

மனுஷனின் முகம் சாயம் போன துணியாக ஆனது. "அவளுக்குக் காய்ச்சல்" என்றார். "அப்படின்னா கட்டாயம் போகணும், கஞ்சி வச்சுக் குடுக்கவாவது ஒரு ஆள் வேணாமா" என்றேன். "பார்க்கலாம்" என்று போனவர் செவ்வாய்க்கிழமை தலைகூடச் சீவாமல் வந்து நின்றார்.

"தங்கச்சி போயிட்டா" என்றார்.

நான் சொல்வதை நம்புவீர்களோ என்னவோ, ஒரு நொடி எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இத்தனை மாதம் உங்களுக்காகவே துணி எடுத்து வைத்தவள் அல்லவா. நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் கல்லாப்பெட்டிக்குள் இருப்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு பெண்ணை எனக்குக் காட்டுவதைவிடக் கொன்றுவிடுவது மேல் என்று ஓர் ஆள் நினைத்தால், அந்தப் பெண் தங்கையாக இருக்க முடியாது.

"இனிமே யாருக்குத் துணி" என்று பெருமூச்சு வேறு விட்டார்.  காலர் இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நீங்கள் உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

கடைக்காரி


ஜூலை 2

கடைக்கார அம்மாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். இந்த ஊர்க் கணக்கில் இறந்தது நீங்கள். நேற்று போன் செய்தார். "அந்தக் கடைக்காரப் பெரியவர் போய்ச் சேர்ந்துட்டார். கடையை மூடிட்டாங்க. இனிமே துணிக்கு வேற இடம்தான் பார்க்கணும்" என்றார். குரலில் அப்படி ஒரு துக்கம். ஒரே வாரத்தில் இரண்டு பேரைத் தீர்த்துக்கட்டிவிட்டு லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

சிரித்தேன். பிறகு மிஷின் மேல் தலையை வைத்து அழுதேன். மகள் பள்ளியிலிருந்து வந்து, "என்னம்மா, ஊசி குத்திடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

உங்களை வெறுக்க வேண்டும் என்று எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை. நீங்கள் நனைத்துத் தேய்த்து அனுப்பிய துணியில்தான் அப்போதும் தைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வேலை இன்னது, இதில் எனக்கு இன்ன கஷ்டம் என்று யோசித்து யாரும் எனக்கு ஒரு சாண் துணி எடுத்ததில்லை. நீங்கள் எடுத்தீர்கள். அது எனக்காக இல்லை, இல்லாத ஒரு நாத்தனாருக்காக என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இருவரும் சேர்ந்து என்னை வைத்து விளையாடுகிறீர்களோ என்ற எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். சந்தேகம் வந்த மனசு கறை பட்ட துணி மாதிரி, ஒரு சலவையில் போகாது.

பத்தாம் தேதி வாக்கில் வருகிறார். அதற்கு முன் ஓர் உதவி. கிளினிக்கில் மாடிக்கும் ஸ்கிரீன் கேட்கிறார்கள். அதே கட்டம் இருந்தால் பத்து மீட்டர் அனுப்புங்கள். விலை போட்டு, பில்லோடு. காசு நேராக உங்களுக்கே வந்துசேரும்.

இப்படிக்கு,
உயிரோடு இருப்பவள்


ஜூலை 7

அம்மா,

துணி அனுப்பியிருக்கிறேன், பில்லும் இருக்கிறது. கடையில் எல்லோருக்கும் என்ன விலையோ அதே விலை. இத்தனை நாள் இனாமாகப் போனது ஒரு சொந்தத்தை நம்பி. அந்தச் சொந்தம் செத்துவிட்டது. இனி வியாபாரம் வியாபாரமாகவே இருக்கட்டும், அதுதான் இருவருக்கும் நல்லது.

எனக்கும் கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது. கடை வாசலில் நின்றால் லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. போய்விடும்.

அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நீங்கள். பார்சலுக்கு அடியில் நீலச் சட்டை இருக்கிறது. அது உங்கள் வீட்டுச் சாமான், நான் வைத்துக்கொள்வது முறையில்லை. காலரைத் திருப்பி வைத்துவிட்டேன். வாங்கிய வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

கடைக்காரி


ஜூலை 14

அன்புள்ள உங்களுக்கு,

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால் அன்பை மட்டும் எழுதிவிட்டேன்.

வந்தார். கால் கழுவிவிட்டு உள்ளே வந்தவர் கண்ணில் முதலில் பட்டது, கதவு ஆணியில் தேய்த்து மாட்டியிருந்த நீலச் சட்டை. கையில் துண்டோடு அப்படியே நின்றார்.

"என்ன பார்க்கறீங்க? உங்க தங்கச்சி குடுத்து அனுப்பிச்சா" என்றேன்.

வாயைத் திறந்தார். மூடினார். "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு" என்றார்.

"சொல்லுங்க. பெரியவர் எப்படிச் செத்தார்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் தங்கச்சி கதைக்கு வரலாம்" என்றேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் அதைவிடக் கொஞ்ச நாள் கூடுதலாக ஓட்டினார், அவ்வளவுதான். அழுதார். தனியாக இருக்கும் ஆம்பளையின் கஷ்டம் உனக்குத் தெரியாது என்றார். எனக்குத் தெரியாதாம். மாதத்தில் இரண்டு நாள் தவிர மற்ற நாளெல்லாம் இந்த வீட்டில் யார் தனியாக இருந்தார்கள் என்று கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கத்தவில்லை. நான் உட்கார்ந்து சட்டையைத் திருப்பிப் போட்டு, உள்பையைச் சுற்றியிருந்த தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாத்துத் துணியை எடுத்து மகளின் அலமாரியில் வைத்தேன். சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்து, கொண்டுவந்த பையை நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள் என்றேன். மகளை வந்து பார்க்கலாம், அதைத் தடுக்க மாட்டேன். இந்த வீட்டில் தங்க முடியாது. அவர் படி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், கூப்பிட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கூப்பிடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பியது எங்கே என்றே தெரியவில்லை. எனக்கு இவ்வளவு சுத்தமாக வராது.

அப்புறம், துணியை மேஜை மேல் விரித்து அளந்தேன். பில்லில் பத்து மீட்டர் என்றுதான் இருக்கிறது. நான் கேட்டதும் பத்துதான். துணி பதினொன்றரை இருக்கிறது. எங்காவது தவறியிருக்குமோ என்று மறுபடி அளந்தேன். நீங்கள் அளப்பதில் தவறுகிற ஆள் இல்லை.

பதினொன்றரைக்கும் காசு அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். என் கோபம் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
இன்னும் சாகாத உங்கள் நாத்தனார்