காப்பு கட்டிய ரைட் பேக்

மார்ச் 10, 1963. ஞாயிறு. ரங்கூன்.
வெயில். குழாயில் தண்ணீர் ஆறு மணி வரைதான். பூட்ஸுக்கு எண்ணெய் போட்டாயிற்று.
மாலை எங்கள் அலோன் பகுதி மாரியம்மன் கோவிலில் வலது கையில் மஞ்சள் காப்பு. போன மழைக்காலம் முழங்கால் பிசகிக் கிடந்தபோது, திரும்பவும் பந்து ஆடினால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். ஆடுகிறேன். பூக்குழி 24ஆம் தேதி. அதுவரை மீன் கிடையாது. ஊர் எல்லை தாண்டக்கூடாது. நான் எங்கே போகப்போகிறேன்?

மார்ச் 13. புதன்.
துறைமுகக் கால்பந்து அணியில் பதினோரு வருடம், வலப்பக்கம் தடுத்தாடும் ரைட் பேக். ஒரு பெரிய பட்டியலிலும் என் பெயர் வந்ததில்லை. இன்று வந்துவிட்டது!
பயிற்சியாளர் ஊ பா காகிதத்தை ஆட்டினார். "கதிரேசா, மாண்டலேல மேட்ச். 24, ஞாயிறு. அங்கதான் தேசிய அணிக்கு ஆள் எடுக்கறாங்க."
கையைக் காட்டினேன். அவருக்குத் தெரியும், எங்கள் தெருக்காரர்தான்.
"உனக்கு முப்பத்திரண்டு. அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்ல."
லெஃப்ட் பேக் கோ தெய்ன் பெயரும் உண்டு. காப்பைப் பல்லால் கடித்தே அறுத்துவிடுகிறேன் என்றான். சிரிப்பு வந்தது.
வீட்டில் மனைவி சரசுவிடம் சொன்னேன். குழம்பில் இரண்டு தரம் உப்பு.

மார்ச் 14.
இங்கேயாவது உண்மையை எழுதலாம். பட்டியலைக் கேட்டதும் சந்தோஷம். அடுத்த நொடி காப்பைப் பார்த்து நிம்மதி. மாண்டலே அணியில் என் பக்கம் ஏறிவரும் விங்கருக்கு இருபது வயது. போனால் ஊரே பார்க்க என்னைத் தாண்டி ஓடுவான். போகாவிட்டால், 'போயிருந்தால் எடுத்திருப்பார்கள்' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டு திரியலாம். எனக்குப் பயம்.

மார்ச் 15.
சரசு கண்டுபிடித்துவிட்டாள். "சாமிய முன்னாடி நிறுத்திட்டு நீங்க பின்னாடி ஒளியாதீங்க."
கோபம். சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அரை மணியில் பசி. திரும்பி வந்து சாப்பிட்டேன்.

மார்ச் 16. சனி.
கோவிலுக்கு இழுத்துப் போனாள். பூசாரி வெகுநேரம் யோசித்தார்.
"அவுக்க முடியாதுப்பா. வேணும்னா மாத்திக் கட்டலாம். ஒன் பொண்டாட்டி மிதிக்கணும். விரதம்?"
"அவரோட நானுந்தான் மீன் தொடல," என்றாள். இடது கையை ஏற்கெனவே நீட்டியிருந்தாள். கடுகு வெடித்தாலே கத்துகிறவள்.
என் மணிக்கட்டு வெறுமையாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

மார்ச் 22. வெள்ளி.
பூட்ஸ். முழங்கால் பட்டை. தைலம். சட்டை 2. லீவுச் சீட்டு (கொடுத்தாச்சு).
ரயிலடியில் சரசு: "பந்த மட்டும் பாருங்க. என்னை நெனைக்காதீங்க."

மார்ச் 24. மாண்டலே.
புழுதி. வெயில் இங்கே இன்னும் மோசம்.
முதல் பாதியில் அந்த விங்கர் பையன் இரண்டு தரம் என்னைத் தாண்டினான். இரண்டும் நான் அவசரப்பட்டுப் பாய்ந்ததால். ஒரு கோல்.
இடைவேளையில் மணி ஐந்து. அலோனில் பூக்குழி நேரம். நெனைக்காதீங்க என்றாள். நினைத்தேன்.
பிறகு பாயவில்லை. நின்றேன், பின்னால் நகர்ந்தேன், அவனே தப்புச் செய்யட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் ஒரு தரம்கூடத் தாண்டவில்லை. 1-1.
ஆறரை மணிக்குப் பெயர் படித்தார்கள். கோ தெய்ன் உண்டு. நான் இல்லை. அவன் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. வலித்தது, ஆனால் பயம் போய்விட்டது.

மார்ச் 26. வீடு.
எடுத்தார்களா என்று சரசு கேட்கவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும். முற்றத்து வெளிச்சத்தில் அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் கறை. குதிகாலில் ஒரே ஒரு கொப்புளம்.
"தீயில ஓடிட்டியா?"
"எல்லாரும் ஓடினாங்க. நான் மெதுவா நடந்தேன்."
"பைத்தியமா? சுடாதா?"
"சுட்டுச்சு. உங்க முழங்காலுக்கு வேண்டின நடை. நான் ஓடி, அது மறுபடி பிசகிட்டா?"