சிவப்புக் கயிறு கட்டிய தார்

பிளசி அப்பாவுக்கு,

நாளை ஸ்தோத்திரப் பண்டிகை. சபைக் கோவிலைக் கழுவிவிடப் போகிறேன். சோறும் சாளை மீன் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. மோட்டார் அறைச் சாவி ஆணியில் தொங்குகிறது. வாழைத்தார் வெட்ட வியாபாரி இசக்கி அண்ணாச்சி வருவார். வெயிலில் வருகிற மனுஷர், முதலில் மோர் கொடுங்கள். அப்புறம் விலை பேசுங்கள்.

அவர் வெட்டத் தொடங்குமுன் இதைப் படித்துவிடுங்கள். பத்தில் ஒன்று கர்த்தருக்கு என்று இரண்டு பேரும் ஜெபம்பண்ணி, வாய்க்கால் ஓரத்துப் பெரிய தாரில்தானே சிவப்புக் கயிறு கட்டினோம்? அந்தக் கயிறு இப்போது வேலியோரத்துச் சூம்பல் தாரில் இருக்கிறது. நேற்றுக் கேட்டதற்கு, "அணிலு அவுத்திருக்கும்ட்டி, என்னய ஏன் மொறைக்க?" என்று சிரித்தீர்கள். அணில் அவிழ்க்கும், சரி. வேறொரு தாரில் கொண்டுபோய் மூன்று முடிச்சும் போடுமா? சிரிக்கும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விடிந்ததும் நானே மாற்றிக் கட்டிவிடலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். முடிச்சில் கை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் மாற்றினால் அது என் காணிக்கையாக இருக்கும், உங்களுடையதாக இருக்காது.

என் சந்தேகம் தப்பு என்றால் சாயங்காலம் வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

ஞானமணி

இன்னொன்று. நாளை ஆராதனை முடிந்து காணிக்கைத் தார்களை ஏலம் விடும்போது, நீங்கள் கொண்டு வருவது எதுவானாலும் நானே ஏலம் கேட்டு எடுத்துவிடுவேன். கேட்க ஆளில்லாத தாரோடு சபையார் முன்னால் நீங்கள் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.